கையாட்டுதவன் கணக்கு

எலே பேராண்டி, பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை நெஞ்சுல கவுத்தி வச்சுட்டுத் தூங்குதியே, பாடம் அப்படியே உள்ள எறங்கும்னு எவம்லே ஒனக்குச் சொன்னான்? எறங்கட்டும், நான் குறுக்க நிக்கல. எறங்குததுக்கு முன்னால ஒங்க தாத்தன் சொல்லுத நல்ல புத்தியையும் காதுல வாங்கிக்கோ. வாங்கிட்டு மார்க்கு கொறஞ்சா எங்கிட்ட வராத.

கயித்துல ஓடுத அலைன்னு கேள்வி வந்தா யோசிக்கவே யோசிக்காத. யோசிக்கது ஒடம்புக்கு ஆகாது. அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கு, திசைவேகம் வந்து நிக்கும். மூணுல ரெண்டு தெரிஞ்சா மூணாவது தானா வந்து விழும்னு ஒன் டியூஷன்ல காசு வாங்கிட்டுச் சொல்லிக் குடுத்திருக்காங்க. விழும், யாரு இல்லன்னா? காசு வாங்காம நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒரே கயிறு, ஒரே இழுப்பு. இப்பம் நீ கையை ரெண்டு மடங்கு சீக்கிரமா ஆட்டுத. அலை எத்தனை மடங்கு சீக்கிரமா ஓடும்?

"ரெண்டு மடங்கு தாத்தா." பாத்தியா. ராத்திரி முழுக்கப் பெருக்குன புள்ளைலா நீ, வாய் பெருக்கத்தான் செய்யும்.

வேகம் ஒரு துளியும் கூடாது மக்கா. துறைமுகத்துல எங்க காலத்துல ஒரு மேஸ்திரி உண்டு. கிரேன் மூட்டை தூக்க, இவரு கீழ நின்னுக்கிட்டு "ம்... சீக்கிரம்"னு கத்துவாரு. கிரேன் அது தூக்குத வேகத்துலதான் தூக்கும். அவரு நிமிசத்துக்கு ஒருக்கக் கத்துனா ரெண்டு கத்தலுக்கு எடையில பத்து மூட்டை போவும். நிமிசத்துக்கு ரெண்டு தரம் கத்துனா? கத்தலுக்கு அஞ்சு மூட்டை. தொண்டை கட்டுனது அவருக்கு, மூட்டை போன கணக்கு மாறல. கத்துத எண்ணிக்கை அதிர்வெண்ணு. ரெண்டு கத்தலுக்கு எடையில போன சரக்கு அலைநீளம். கிரேன் வேகம் கிரேனோட சொந்த விசயம். அந்த மேஸ்திரி இதைக் கடைசி வரைக்கும் ஒத்துக்கிடல. ரிட்டயராகி வீட்டுல இப்பம் மிக்சியைப் பாத்துக் கத்துதாருன்னு கேள்வி.

கயித்துலயும் அதே வழக்குதான். கை வச்சிருக்கது அதிர்வெண்ணு. கயிறு வச்சிருக்கது வேகம். அலைநீளம் ரெண்டு பேரும் சண்டை போட்டு மிச்சம் விட்டது. கயித்தோட வேகத்துக்கு ரெண்டே ரெண்டு பேருகிட்டதான் கேக்கணும்: எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கு, ஒரு மீட்டர் கயிறு எவ்வளவு கனம். இழுவிசையை அந்தக் கனத்தால வகுத்து வர்க்கமூலம் எடு. அந்தச் சூத்திரத்துல அதிர்வெண்ணு எங்கேயாவது தலையைக் காட்டுதா, தேடிப் பாரு. நான் இங்கனதான் உக்காந்திருக்கேன்.

நம்பாட்டா திரேஸ்புரம் கரைக்கு வா. புத்தகத்தை வீட்டுல வச்சுட்டு வா, உப்புக்காத்துல அட்டை வளைஞ்சுரும். இருபது மீட்டர் கயிறு எடுத்துக்கிடுவோம். மொத்தக் கயிறும் ரெண்டு கிலோ, அப்பம் மீட்டருக்கு நூறு கிராம். ஒரு முனையைக் கட்டைல கட்டு. மறு முனையைக் கப்பி மேல போட்டுப் பதினாறு கிலோ கல்லைத் தொங்க விடு. அந்தக் காலத்துல முத்துக்குளிக்கப் போனவன் கால்ல வச்சுக்கிட்டு எறங்குன கல்லு ஏறத்தாழ அந்தக் கனம்தான். பதினாறு கிலோன்னா நூத்தறுபது நியூட்டன்னு வச்சுக்கோ, பத்தாலதான் பெருக்கணும், அதுலயும் தசமப் புள்ளியைக் கொண்டாந்து என் உயிரை வாங்காத. நூத்தறுபதைப் புள்ளி ஒண்ணால வகுத்தா ஆயிரத்து அறுநூறு. அதுக்கு வர்க்கமூலம் நாப்பது. செகண்டுக்கு நாப்பது மீட்டர், மணிக்கு நூத்தி நாப்பத்து நாலு கிலோமீட்டர். முத்துநகர் எக்ஸ்பிரஸ் அந்த வேகத்துல போயி நான் பாத்ததே இல்ல.

இப்பம் கட்டையில இருந்து ஒரு சாண் தள்ளிக் கயித்தை ஒரு தட்டுத் தட்டு. மேல எழும்புன மேடு அரை செகண்டுல கப்பிக்குப் போவும், அங்கன முட்டி, பள்ளமாக் கவுந்து, மறு அரை செகண்டுல ஒன் கைக்கு வந்துரும். கட்டுன முனையில முட்டுனா மேடு பள்ளமாத் திரும்பும், பாடத்துலயும் அதான் போட்டிருக்கும். விரல்ல அது வந்து இடிக்கதை ஒருக்க உணர்ந்து பாத்துட்டா அந்த வரியை மனப்பாடம் பண்ண வேண்டாம். மெல்லத் தட்டுனாலும் ஒரு செகண்டு, ஓங்கித் தட்டுனாலும் ஒரு செகண்டு. ஓங்கித் தட்டுனா மேடுதான் பெருசாவும்.

அடுத்தாப்புல கையை விடாம ஆட்டு. செகண்டுக்கு ஒருக்க ஆட்டுனா முழுக் கயிறும் ஒரே வயிறா உப்பி உப்பி எறங்கும். ரெண்டு தரம் ஆட்டுனா ரெண்டு வயிறு, நடுவுல ஒரு கணு, அங்கன கயிறு அசையவே அசையாது, தட்டான் வந்து உக்காரலாம். மூணு தரம்னா மூணு வயிறு. ஒண்ணரை தரம் ஆட்டிப் பாரு, கயிறு ஒங்கூடப் பேச மாட்டேங்கும், சும்மா குழம்பும். ஒரு வயிறுங்கது அரை அலைநீளம். இங்கதான் பாதிப் பேரு கவுந்து விழுதான், வயித்தையே முழு அலைநீளமா எண்ணிட்டு வேகத்தைப் பாதியாப் போட்டுருவான். ரெண்டு வயிறு இருக்கையில அலைநீளம் இருபது மீட்டர், செகண்டுக்கு ரெண்டு தரம், பெருக்குனா நாப்பது. மூணு வயிறுன்னா பதிமூணே கால் சொச்சம், செகண்டுக்கு மூணு, பெருக்குனா மறுபடியும் நாப்பது. கல்லை மாத்தாத வரைக்கும் நீ தலைகீழா நின்னு ஆட்டுனாலும் நாப்பதுதான்.

வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கணுமா? அப்பம் கல்லைத்தான் மாத்தணும். ரெண்டு கல்லு போட்டா போதும்னு நெனைக்காத, வர்க்கமூலம் நடுவுல உக்காந்து கமிஷன் அடிக்கும். நாலு கல்லு வேணும், அறுவத்து நாலு கிலோ. இப்பம் பழையபடி ஒரே கல்லுதான்; கயித்தைக் கடல்ல நனைச்சு எடுத்து, அது தண்ணி குடிச்சு ரெண்டு மடங்கு கனத்துப் போச்சுன்னு வை. வேகம் இருபதாயிரும்னு ஒன் கூட்டாளி எழுதுவான். இருபத்தெட்டு வரும். அவன்கிட்டச் சொல்லாத, அவன் ஒனக்குப் பொரிச்ச பரோட்டா வாங்கித் தந்த பொறவு சொல்லு.

கயித்துல ஒரு செவப்பு ரிப்பனையும் கட்டி வையி. அலை கப்பிக்கு ஓடும், ரிப்பன் ஓடாது. இருந்த எடத்துலயே மேலயும் கீழயும் ஆடும். ரிப்பன் ஆடுத வேகம் வேற, அலை ஓடுத வேகம் வேற, ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசுதவனுக்கு நாமக்கட்டி குடுக்கலாம். கையை ஓங்கி ஆட்டுனா ரிப்பனோட வேகம் கூடும், அலை அதைச் சட்டை பண்ணாது.

பரீட்சைத் தாள்ல ரெண்டு படம் போடுவான் பாரு, அது இன்னொரு குசும்பு. ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும். ஒண்ணு கயித்தை ஒரே நொடியில போட்டோ பிடிச்சது, கீழ்க்கோட்டுல மீட்டர் இருக்கும். இன்னொண்ணு அந்த ரிப்பனை மட்டும் நேரம் பூரா வீடியோ எடுத்தது, கீழ்க்கோட்டுல செகண்டு இருக்கும். மொதப் படத்துல மேட்டுக்கு மேடு அளந்தா அலைநீளம். ரெண்டாவது படத்துல மேட்டுக்கு மேடு அளந்தா ஒரு ஆட்டத்துக்கு ஆகுத நேரம், அதைக் கவுத்துப் போட்டா அதிர்வெண்ணு. எந்தப் படத்துலயும் எதை வேணும்னாலும் அளக்கது ஒங்க பள்ளிக்கூடத்துல மட்டும்தான் நடக்கும்.

சைன் போட்டு ஒரு நீளச் சமன்பாடு வந்தாலும் மிரளாத. எக்ஸுக்கு முன்னால புள்ளி மூணு ஒண்ணு நாலு, டீக்கு முன்னால பன்னெண்டு புள்ளி அஞ்சு ஆறுன்னு வச்சுக்கோ. ரெண்டு பையை எக்ஸ்காரனால வகுத்தா இருபது மீட்டர் அலைநீளம். டீக்காரனை ரெண்டு பையால வகுத்தா செகண்டுக்கு ரெண்டு. டீக்காரனை எக்ஸ்காரனால நேரா வகுத்தா நாப்பது. என்னலே முழிக்க? நம்ம திரேஸ்புரத்துக் கயிறேதான், ரெண்டு வயிறோட ஆடுன நேரத்துல எடுத்தது. நடுவுல கழித்தல் குறி போட்டிருந்தா அலை எக்ஸ் கூடுத பக்கம் ஓடுது, கூட்டல்னா எதிர்ப்பக்கம். அம்புட்டுத்தான் அதுக்குள்ள இருக்கு, மீதியெல்லாம் மீசை.

கயித்துல சேதி போவுததுல உயிரையே வச்சிருந்த ஊரு மக்கா இது. தொலாயிரம் பாருன்னு கேள்விப்பட்டிருக்கியா? நம்ம கரைக்கு எதுக்க இருக்க முத்துப்பாரு. 1955-ல இருந்து வருசா வருசம் சலாபம், அதான் முத்துக்குளிப்பு, நடந்து, 1961-ஓட நின்னு போச்சு. குளியாளி கல்லுல காலை வச்சு, மூக்கைப் பிடிச்சு, எட்டு பத்துப் பாகம் கீழ போவான். பாகம்னா ஆறடி. கல்லை மேல இழுத்துருவாங்க. கெடச்ச ஒரு நிமிசத்துல சிப்பியைத் தடவி அள்ளிப் பையில போட்டு, மூச்சு முட்டும்போது கயித்தை ஒரு சுண்டு சுண்டுவான். தோணியில நிக்கவன் அதை உணர்ந்து இழுக்கணும். மூச்சு இவன் பிடிப்பான், கயிறு அவன் பிடிப்பான், சிப்பியில மூணுல ரெண்டு பங்கு சர்க்காரு பிடிக்கும். இந்தக் கணக்குக்கு மட்டும் எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

அவன் கயித்தை ஆட்டல, சுண்டி இழுத்தான், அதைக் கவனி. பக்கவாட்டுல ஆட்டுத அலையைத் தண்ணிக்குள்ள விட்டா, கயிறு அசைய பக்கத்துத் தண்ணியையும் தள்ளிக்கிட்டு அசையணும். கயித்துக்குக் கனம் ஏறுன கணக்குத்தான், வேகம் கொறையும். உரசி உரசி மேல வந்து சேருததுக்குள்ள அது செத்தும் போவும். சுண்டி இழுத்தா அந்த இழுப்பு கயித்து நெடுக ஓடும். அதோட வேகம் கல்லுக்கனத்தைப் பாத்து வாரதில்ல, கயிறு நீளுததுக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கோ அதைப் பாத்து வரும், ஆட்டத்தை விட ரொம்ப ஜாஸ்தி. ஒன் பாடத்துல குறுக்கலை, நெட்டலைன்னு ரெண்டு பேரு வருமே, அந்த ரெண்டாவது ஆளு.

ஆனா இது பூராவும் கயிறு விறைப்பா நின்னாத்தான். தொய்ஞ்சு கெடந்தா கீழ சுண்டுனவன் தொய்வைத்தான் இழுப்பான், மேல ஒரு சேதியும் வராது. ஆட்டுத அலையோட சூத்திரத்துல இழுவிசைக்குச் சைபர் போட்டுப் பாரு, அதுலயும் வேகம் சைபர். ஒன் தாள்ல அது வெறும் சைபர். தோணியில ஒருத்தன் வெத்தலை போடக் குனிஞ்ச நேரம் அது. அதனாலதான் கயித்தைக் கண்டவன் கையில குடுக்க மாட்டாங்க, பொண்டாட்டியோட தம்பி கையிலதான் குடுப்பாங்கன்னு ஒரு பேச்சு. அக்கா தாலிக்கு அவன் ஜவாப்தாரிலா. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு மலைக்காரன் சொன்னதைக் கடல்காரனும் எடுத்துக்கிட்டான். நீயும் இப்பவே மச்சான்மாரை அனுசரிச்சுப் பழகு, பின்னால ஒதவும்.

துறைமுகத்துல கப்பல் கட்டுத வடம் கதை வேற. ஒரு மீட்டரே ரெண்டு கிலோ இருக்கும்னு வச்சுக்கோ, இழுப்பு இருபது டன்னு. வகுத்து மூலம் எடுத்தா செகண்டுக்கு முந்நூத்திப் பதினாறு மீட்டர், காத்துல சத்தம் போற வேகத்துக்குப் பக்கத்துல வந்துருது. செல்பி எடுக்கதுக்கு அந்த வடத்துப் பக்கத்துல போயி நிக்காத. அறுந்துச்சுன்னா ஒன் போட்டோவைத்தான் பேப்பர்ல பாக்கணும்.

சங்கு குளிச்ச கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு ஒன் மூஞ்சி கேக்குது. வலை பின்னுத கைக்குப் பக்கம் புரட்டத் தெரியாதோ? மெர்சேன்னு பிரான்சுல ஒரு சாமியார். நம்ம சாமிமாரு அசனத்துக்கும் திருவிழாவுக்கும் கணக்குப் பாத்துக்கிட்டு இருக்கையில அவரு தந்தியை எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. பாட்டுத் தந்தி ஆடுதது கண்ணுக்குப் பிடிபடாது, செகண்டுக்கு நூத்துக்கணக்கு. அவரு நூறடிக்கு மேல நீளமாக் கயித்தை இழுத்துக் கட்டி, அது சாவகாசமா ஆடுததைக் கண்ணால எண்ணுனாரு. நீளம், இழுப்பு, கனம் மூணும் ஆட்டத்தை எப்பிடி மாத்துதுன்னு பாத்து, அதை வச்சுச் சின்னத் தந்திக்குக் கணக்குப் போட்டாரு. 1636-ல புத்தகமே போட்டுட்டாரு. நாம திரேஸ்புரத்துல ஆட்டுனது அவரு ஆட்டம்தான். ஒன் லேப்ல மரப்பெட்டி மேல கம்பி கட்டி எடை தொங்க விட்டிருப்பாங்களே, சுரமானி, அது அவரு கயித்தோட பேரன். வருசத்துக்கு ஒருக்கத் தூசி தட்டுதாங்களா, இல்ல அதுவும் சிலபஸ்ல இல்லையா?

இப்பம் நான் சொன்னதையே நான் கவுக்கப் போறேன், முழிச்சுக்கோ. கை வச்சிருக்கது அதிர்வெண்ணுன்னு சொன்னேன்லா? பிடில்காரன்கிட்ட அந்த நியாயம் செல்லாது. ரெண்டு முனையும் கட்டுன தந்தியை நீ மீட்டு, வில்லுப்பாட்டுக்காரன் நாணுல அடிக்கது கணக்கா வீசுகோலால அடி, எதைச் செஞ்சாலும் அது தன் வேகத்தையும் நீளத்தையும் பாத்து, தனக்குப் பொருந்துன ஆட்டத்தைத்தான் வச்சுக்கிடும். வேகத்தை ரெண்டு மடங்கு நீளத்தால வகுத்தா வாரது அடிச்சுருதி. அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கெல்லாம் கூடவே ஒட்டிக்கிட்டு வரும், நம்ம வயிறு கணக்குத்தான்.

பிடில்னா நம்ம சில்லாவைக் கும்பிடணும்லே. முத்துசாமி தீட்சிதர் 1835-ல கண்ணை மூடுனது எட்டயபுரத்துல, அவரு வீணைக்காரரு. அவரு தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரமனை வித்வான். வெள்ளைக்காரன் பிடிலை நம்ம பாட்டுக்குப் பழக்குன மொத ஆளுகள்ல ஒருத்தரு. அவரு விரலைத் தந்தியில வச்சு நகத்துனா என்ன ஆச்சு? இழுப்பு மாறல, கனம் மாறல, அதனால வேகம் மாறல. நீளம் கொறஞ்சுது, அலைநீளம் கொறஞ்சுது, அதிர்வெண்ணு ஏறுச்சு. சரிபாதியில விரலை வச்சா மேல் சட்ஜம். முறுக்காணியைத் திருகுனாத்தான் வேகமே மாறும்.

வில்லு போட்டா என்ன நடக்குன்னு பாத்தவரு திருவானைக்காவல்ல 1888-ல பொறந்த சி.வி.ராமன். கல்கத்தாவுல பகல்ல சர்க்காரு கணக்காபீசு, மத்த நேரத்துல தந்தி ஆராய்ச்சி. அந்தக் கணக்காபீசுல இருந்த மத்தவங்க மத்த நேரத்துல என்ன செஞ்சாங்கன்னு நான் கேக்கல. 1918-ல அது பெரிய கட்டுரையா வந்துச்சு. ஆளு கை ஒருக்கப் போல ஒருக்க இருக்காதுன்னு மெஷின் வச்சும் வில்லை ஓட்டிப் பாத்தாரு. வில்லு போடும்போது தந்தி வளைஞ்சு வயிறா நிக்கிறதாத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். நெசத்துல ரெண்டு நேர்கோடு, நடுவுல ஒரு முனை, அந்த முனை தந்தி நெடுக ஓடி, முட்டி, கவுந்து திரும்பி வரும். ஜெர்மனிக்காரர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முந்தியே கண்ட சேதி அது. வில்லுமயிர் தந்தியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போவும், முனை வந்து இடிச்ச ஒடனே தந்தி நழுவும், மறுபடி பிடிக்கும். நழுவுத நேரத்தை முனைதான் சொல்லுது, வில்லு சொல்லல. அதனால வில்லை வெரசா இழுத்தா சத்தம் கூடும், சுருதி கூடாது. நம்ம மேஸ்திரிக்கு இதைச் சொன்னாலும் ஏறாது.

தம்புராவுல தந்தியைத் தாங்குத குதிரைக்கும் தந்திக்கும் எடையில ஒரு நூலைச் செருகுவாங்களே, ஜீவா, அதையும் ராமன் விடல. தந்தியை மீட்டுத எடத்துல எத்தனை வயித்து ஆட்டத்துக்குக் கணு வருதோ அந்தச் சுரம் கேக்கக் கூடாதுன்னு புத்தகச் சட்டம். தம்புராவுலயும் வீணையிலயும் அது கேக்குன்னு 1921-ல எழுதுனாரு. வளைஞ்ச குதிரை மேல தந்தி ஒட்டி ஒட்டிப் பிரியுதது சட்டத்தை ஒடைச்சுப் போடுது. ஒரு துண்டு நூலு, வெள்ளைக்காரன் சட்டத்துக்கே தண்ணி காட்டிருச்சு பாத்துக்கோ.

கடைசியா ஒரு கணக்கு, இதைப் போட்டுட்டுத் தூங்கு. பிடில் தந்தி முப்பத்து மூணு சென்டிமீட்டர், சுருதி செகண்டுக்கு நானூத்தி நாப்பது. முனை ஒரு சுத்துக்கு அறுவத்தாறு சென்டிமீட்டர் ஓடணும், அப்பம் தந்தியில வேகம் இருநூத்தித் தொண்ணூறு மீட்டர். அதே சுரம் காத்துல ஏறுனதும் வேகம் முந்நூத்தி நாப்பதாயிரும், அலைநீளம் எழுவத்தேழு சென்டிமீட்டரா நீண்டுக்கிடும், நானூத்தி நாப்பது மட்டும் நகராது. அது வரைக்கும் நான் போட்டுட்டேன். ஒரு மீட்டர் தந்தி புள்ளி ஆறு கிராம்னு வச்சு, இழுப்பு எவ்வளவுன்னு நீ போடு. அஞ்சு கிலோக் கல்லுக்குப் பக்கத்துல வந்தா சரி. அஞ்சு டன்னுன்னு வந்தா கிராமைக் கிலோவாக்க மறந்துட்ட. அந்தப் பிடிலுக்கு முறுக்காணி திருகத் துறைமுகத்துல இருந்து கிரேனைத்தான் கூட்டிட்டு வரணும், மேஸ்திரிக்கும் சொல்லி விடு.